வெடிமருந்தும் தராசும்

மலைநாட்டிலே துவக்கைப் பற்றிப் பேசுவோர் பலர். அதனுள்ளே இடப்படும் தோட்டாவைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. குழலின் நீளம், மரப்பிடியின் வேலைப்பாடு, அது எந்த நாட்டிலே செய்யப்பட்டது என்பனவெல்லாம் திண்ணைப் பேச்சில் இடம்பெறும். ஆயினும் துவக்கு என்பது ஓர் இரும்புக் குழாயே. அதற்கு உயிர் கொடுப்பதும், அளவு தவறினால் அதைப் பிடித்தவனுடைய உயிரைப் பறிப்பதும் தோட்டாவேயாகும். அத்தோட்டாவைக் கடையில் வாங்கிய வண்ணமே வெடித்துத் தீர்க்காமல், வெடித்த வெற்றுக் கூட்டை எடுத்து, மீண்டும் கையால் நிரப்பிக்கொள்ளும் கைத்தொழில் ஒன்று உலகின் பல பாகங்களில் நடைபெற்று வருகிறது. அதில் புதிதாகக் கைவைக்கும் ஒருவன் எக்கருவியை முதலில் தேர்ந்துகொள்ள வேண்டும், எதை ஒதுக்கி வைக்க வேண்டும், கொத்மலை போன்ற ஓரிடத்திலே அவ்வினாவுக்குரிய விடை எங்ஙனம் மாறுகிறது என்பனவே இப்பேச்சின் பொருள்.

முன்னாளிலே வெடி ஒவ்வொன்றும் கையால் நிரப்பிய வெடியாகவே இருந்தது. துவக்கு என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து புறப்பட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் குடிபுகுந்த சொல். கண்டி இராச்சியத்தில் ஒருவர் தூக்கிச் செல்லத்தக்க ‘கொடித்துவக்கு’ என்னும் சிறு பீரங்கி வழக்கிலிருந்தது. அப்பெயர் இன்றும் ஒரு குடும்பப் பெயராக வாழ்கிறது. அக்காலத்து மலைநாட்டார் வெடிமருந்துக்காகப் பிறநாட்டுக் கப்பலை எதிர்நோக்கி நிற்கவில்லை. 1821ஆம் ஆண்டில் இலங்கையின் உள்நாட்டைப் பற்றி நூலெழுதிய ஜோன் டேவி என்னும் ஆங்கிலப் படை மருத்துவர், மலைக்குகைகளின் மண்ணிலிருந்து இந்நாட்டார் வெடியுப்பு எடுத்த முறையைக் குறித்து வைத்திருக்கிறார். வெடியுப்பு, கந்தகம், அடுப்புக்கரி என்னும் மூன்றும் சேர்ந்ததே கருமருந்து. அதைக் குழலின் வாய்வழியே கொட்டி, தக்கை வைத்து, கோலால் இடித்து, ஈயக்குண்டை இட்டு வெடிப்பது பழைய முறை. இவ்வாறு இடித்து நிரப்பப்பட்டமையாலன்றோ அத்தகைய துவக்கை இலங்கைத் தமிழர் ‘இடியன்’ என்றனர்!

கொத்மலைக்கு மேலே, இறம்பொடைக் கணவாயைத் தாண்டினால் நுவரெலியா. அங்கே 1848ஆம் ஆண்டில் ஒரு குடியேற்றத்தைத் தோற்றுவித்தவர் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர். பின்னாளில் நைல் நதியின் ஊற்றுக்களைத் தேடி ஆபிரிக்காவில் அலைந்து புகழெய்தியவர் அவரே. இலங்கையில் அவர் ஆடிய வேட்டைகளைப் பற்றி இரு நூல்கள் எழுதினார். அவருடைய துவக்குகளில் ஒன்று பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் சொல்லிச் செய்வித்தது. அதன் எடை 21 றாத்தல், அதாவது ஏறக்குறைய ஒன்பதரைக் கிலோ. அதற்கு ஒரு வெடிக்கு இட்ட கருமருந்து 16 டிராம். அது முழுதாக ஓர் அவுன்ஸ் ஆகும். இங்கே டிராம் என்பது அவுன்சின் பதினாறில் ஒரு பங்கு; அதனைக் கிராம் எனக் கொண்டு மயங்கலாகாது. இத்துணைப் பெரிய அளவையும் அக்காலத்தவர் தராசில் நிறுத்திலர்; சிறு கிண்ணம் போன்ற அளவைக் குவளையில் முகந்தே இட்டனர். கருமருந்து பொறுமையுள்ள பொருள். குவளை சற்று நிறைந்தாலும் குறைந்தாலும் அது பெரும்பாலும் மன்னித்துவிடும். அந்த மன்னிப்பே பிற்காலத்தவரை ஏமாற்றியது என்பதைப் பின்னர்க் காணலாம்.

குழலின் பின்புறத்தைத் திறந்து தோட்டாவை இடும் துவக்குகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பரவின. அடிப்பாகத்தின் நடுவிலே வெடிமூடி பொருத்திய தோட்டாவை, 1861ஆம் ஆண்டில் டோ என்னும் துவக்கு வணிகர் இங்கிலாந்தில் வழக்குக்குக் கொணர்ந்தார். சில ஆண்டுகள் கழித்து, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையிலே தேயிலை பயிரிடத் தொடங்கினார். கோப்பிக் காலத்துத் துரைமாரும், தேயிலைக் காலத்துத் துரைமாரும் வாழ்ந்த காலத்திலே, துவக்கோடு கூடவே ஒரு சிறு பெட்டியையும் ஆங்கில வணிகர்கள் விற்றனர். வெடித்த மூடியைக் கழற்றிப் புதியதைப் பொருத்தும் இடுக்கி, மருந்தும் சன்னமும் முகக்கும் இருபுற அளவைக் குவளை, தக்கையை இறுக்கும் கோல், தோட்டாவின் வாயை உட்புறமாக மடிக்கும் கைச்சுழற்பொறி என்பன அதனுள் இருக்கும். அக்காலத்துத் தோட்டாக் கூடு பெரும்பாலும் கடதாசியாலானது. ஈரம் பட்டால் கடதாசி ஊதும். ஊதிய தோட்டா குழலுக்குள் புகாது. தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொட்டும் மலைச்சாரலில் வாழ்வோனுக்கு இது சிறு தொல்லையன்று. ஆகவே கடதாசிக்குப் பதிலாகப் பித்தளைக் கூடுகளையும் செய்து விற்றனர். பிளாஸ்டிக்குக் கூடு 1960ஆம் ஆண்டளவிலேதான் சந்தைக்கு வந்தது.

இனித் தோட்டாவின் உறுப்புக்களை நோக்குவோம். அவை நான்கு. முதலாவது கூடு, இரண்டாவது, தட்டினால் பொறி கக்கும் வெடிமூடி, மூன்றாவது மருந்து, நான்காவது ஈயம். பன்னிரண்டாம் இலக்கத் துவக்காயின், மருந்துக்கும் சன்னங்களுக்கும் இடையே தக்கை ஒன்றும் உண்டு. பன்னிரண்டு என்னும் இலக்கம் எதைக் குறிக்கிறது? ஒரு றாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம குண்டுகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று அக்குழலுக்குச் சரியாகப் பொருந்தும் என்பதையே குறிக்கிறது. எண் சிறிதாகக் குழல் பெரிதாவது இதனாலேதான். இந்நான்கனுள் மூன்று, பிழை செய்தவனுக்குப் பெரும்பாலும் கண்ணால் தெரியும். கூடு வெடித்திருந்தால் தெரியும். மூடி கோணியிருந்தால் தெரியும். ஈயம் குறைந்தால் தெரியும். மருந்தின் பிழை மட்டும் மூடிய தோட்டாவுக்குள் ஒளிந்திருந்து, விசையை இழுக்கும் கணத்திலேதான் வெளிப்படும்.

இன்றைய மருந்து பேக்கர் காலத்து மருந்தன்று. 1864ஆம் ஆண்டளவில் பிரஷ்யாவைச் சேர்ந்த ஷுல்ட்சே என்னும் படையதிகாரி, மரத்தூளை அமிலத்தால் பதப்படுத்திப் புகை குறைந்த மருந்தொன்றை ஆக்கினார். 1884இல் பிரான்சு நாட்டு வியேய் என்பவர் இன்னும் வலிய புகையில்லா மருந்தைக் கண்டார். இம்மருந்து கருமருந்திலும் பன்மடங்கு ஆற்றல் உடையது. ஆதலால், அதில் ஒரு சிறு பங்கே ஒரு வெடிக்குப் போதும். பழைய குவளையிலே புதிய மருந்தை முகந்தவர்களின் துவக்குகள் கையிலேயே பிளந்தன. கருமருந்து மன்னித்ததைப் புகையில்லா மருந்து மன்னிக்கவில்லை.

இத்தவறு பழங்கதையாகப் போய்விடவில்லை. இக்காலத்திலும் சில தோட்டாப் பெட்டிகளின் மேல் ‘மூன்று டிராமுக்குச் சமம்’ என்ற குறிப்பு அச்சிடப்பட்டிருக்கும். அதன் பொருள், மூன்று டிராம் கருமருந்து என்ன வேகத்தைக் கொடுக்குமோ அவ்வேகத்தை இத்தோட்டா கொடுக்கும் என்பதே. உள்ளே மூன்று டிராம் மருந்து இருக்கிறது என்பதன்று. அவ்வெழுத்தைப் படித்துவிட்டு, மூன்று டிராம் புகையில்லா மருந்தை நிறுத்து இடுவோனுக்குத் துவக்கு மிஞ்சாது, கையும் மிஞ்சாது. நாட்டு வழக்கிலே “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்பர். குழலில் போடுவதை அளக்காமல் போடலாமா?

ஆகவே புதிதாய்த் தொடங்குவோன் வாங்க வேண்டிய முதற் கருவி, கடையிலே பளபளவென்று நிற்கும் பெரிய அழுத்துபொறியன்று, தராசே. மருந்தை நிறுக்கும் அலகு கிரெயின் எனப்படும். ஒரு றாத்தலுக்கு 7000 கிரெயின். அதில் பத்திலொரு பங்கையும் காட்டவல்ல தராசு வேண்டும். துலாக்கோல் வகையும் உண்டு. மின்கலத்தால் இயங்கும் வகையும் உண்டு. எதுவாயினும், எடை தெரிந்த சிறு படிக்கற்களை வைத்து அடிக்கடி சோதித்துக்கொள்ள வேண்டும். யன்னல் காற்றும் மின்விசிறியும் துலாக்கோலை அசைத்துப் பொய் சொல்லவைக்கும். தராசின் உண்மையைப் பற்றித் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு எவரும் பாடம் சொல்லத் தேவையில்லை. கொழுந்து நிறுக்குமிடத்திலே கூடைக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதை அவர்கள் கண்கொட்டாமல் பார்ப்பவர்கள். அந்தக் கழிவிலே நாட்சம்பளம் அடங்கியிருக்கிறது. மருந்துத் தராசிலும் தட்டின் எடையைக் கழித்த பின்னரே மருந்தின் எடை வரும். தோட்டத்துத் தராசு பிழைத்தால் ஒருநாட் கூலி குறையும். இத்தராசு பிழைத்தால் குறைவது வேறு.

இரண்டாவது வேண்டியது நூல். மருந்துக் கம்பனிகளும் கருவிக் கம்பனிகளும் தங்கள் சோதனைச் சாலைகளிலே அழுத்தத்தை அளந்து பார்த்து, எந்தக் கூட்டுக்கு எந்த மூடி, எந்த மருந்து, எத்தனை கிரெயின் என்று அட்டவணை வெளியிடுகின்றன. அவ்வட்டவணையில் தொடக்க அளவும் உச்ச அளவும் தனித்தனியே கொடுக்கப்பட்டிருக்கும். தொடக்க அளவிலிருந்தே தொடங்குக என்பது அந்நூல்கள் ஒருமித்துச் சொல்லும் விதி. நண்பன் சொன்னான், கடைக்காரன் சொன்னான் என்று அளவை மாற்றுவது கூடாது. ஒரு மருந்துக்குச் சொன்ன அளவை இன்னொரு மருந்துக்குப் பொருத்துவதும் கூடாது; பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் இரு மருந்துகள் எரியும் வேகத்திலே வானும் மண்ணும்போல் வேறுபடலாம்.

மூன்றாவதாகவே அழுத்துபொறி வருகிறது. வெடித்த கூடு விரிந்திருக்கும். அதைப் பழைய அளவுக்குச் சுருக்குவதற்கும், மருந்திட்ட பின் அதன் வாயிலே ஈயத்தை இருத்துவதற்கும், வலிய எஃகு அச்சுக்களுக்குள் கூட்டைத் தள்ளவேண்டும். அப்படித் தள்ளுவதே இப்பொறியின் வேலை. இதிலே மூன்று வகை உண்டு. ஒருநிலைப் பொறி, கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் ஒரு வேலையை மட்டும் செய்யும். சுழல்தலைப் பொறியில் பல அச்சுக்கள் ஒரு வட்டத்தலையில் பொருத்தப்பட்டிருக்கும். தலையைத் திருப்பி அடுத்த வேலைக்குச் செல்லலாம். தொடர்நிலைப் பொறியோ ஒரே இழுப்பிலே பல கூடுகளில் பல வேலைகளைச் செய்து, இழுப்புக்கு ஒரு தோட்டாவாக வெளியே தள்ளும்.

புதியவனின் கண் தொடர்நிலைப் பொறியின் மேலேயே விழும். மணிக்கு நூற்றுக்கணக்கில் செய்யலாமே என்று அவன் எண்ணுவான். ஆனால், ஒரு பிழையும் மணிக்கு நூற்றுக்கணக்கிலே பெருகும் என்பதை அவன் எண்ணுவதில்லை. ஒரே சமயத்தில் ஐந்து இடங்களைக் கவனிக்க வேண்டிய பொறியிலே, கற்றுக்கொள்பவன் ஓரிடத்தையும் சரியாகக் கவனியான். ஒருநிலைப் பொறியிலே ஐம்பது கூடுகளையும் முதலில் சுருக்கி முடிக்கலாம். பிறகு ஐம்பதுக்கும் மூடி பொருத்தலாம். பிறகு ஐம்பதுக்கும் மருந்திட்டுத் துளைப்பலகையில் வரிசையாக நிறுத்தி, விளக்கொளியிலே ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கலாம். மருந்து இருமுறை விழுந்த கூடும், ஒருமுறையும் விழாத கூடும் அப்போதே அகப்பட்டுவிடும். இருமுறை விழுந்தது குழலைப் பிளக்கும். ஒருமுறையும் விழாதது, மூடியின் பொறியால் மட்டும் ஈயத்தை நடுக்குழலுக்குத் தள்ளி அங்கேயே நிறுத்திவிடும். அதை அறியாது அடுத்த வெடியை வைப்பவனுக்கு முன்னையதைப் போன்ற கேடே நேரும். நன்கு வார்த்த ஒருநிலைப் பொறி ஒன்று ஒரு மனிதனின் வாழ்நாளுக்கும் போதும். பழையதாகக் கிடைத்தாலும் குற்றமில்லை. தொழில் கைவந்த பின்னரும் அது வீணாகாது.

இவ்விடத்தில் ஒரு மயக்கத்தை நீக்க வேண்டும். றைபிள் தோட்டாவுக்குரிய பொறி வேறு. சன்னத் தோட்டாவுக்குரிய பொறி வேறு. சன்னத் தோட்டாவில் தக்கை வைத்தலும் வாயை மடித்தலும் உண்டாதலால், அதற்கென்றே தனிப்பொறி செய்யப்படுகிறது. அமெரிக்காவிலே விஸ்கொன்சின் மாநிலத்து மேவில் நகரத்துக் கம்பனியொன்று இவ்வகைப் பொறிக்குப் பேர்பெற்றது. கலிபோர்னியாவிலே 1943இல் தோன்றிய ஆர்.சி.பி.எஸ். கம்பனி றைபிள் தோட்டாப் பொறிக்குப் பேர்பெற்றது. 1884இலே ஜோன் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பனி, பாக்குவெட்டி போன்ற கையிடுக்கிகளைச் செய்து விற்றது; அதுவே பின்னர் லைமன் கம்பனியின் கைக்கு மாறியது. 1958இல் ரிச்சார்ட் லீ என்பவர் விற்கத் தொடங்கிய சிறு கைக்கருவித் தொகுதி, மிகச் சுருங்கிய செலவிலே தொழிலைத் தொடங்க வழிசெய்தது. எந்தப் பெயரைத் தேர்ந்தாலும், தன் துவக்கு எவ்வகையது என்பதைத் தெரிந்துகொண்ட பின்னரே தேர வேண்டும்.

எஞ்சிய கருவிகள் சிறியவை. கூட்டின் நீளத்தையும் தோட்டாவின் மொத்த நீளத்தையும் அளக்க ஓர் இடுக்கியளவி, மருந்தூற்ற ஒரு புனல், துளைப்பலகை ஒன்று, கண்ணுக்குக் காப்புக்கண்ணாடி ஒன்று. இவற்றினும் மேலானது ஒழுங்கு. வேலை மேசையிலே ஒரு மருந்துப் போத்தலுக்கு மேல் இருக்கலாகாது. எஞ்சிய மருந்தை அதன் சொந்தப் போத்தலுக்கே திருப்ப வேண்டும். சோடாப் போத்தலிலோ தேயிலைத் தகரத்திலோ ஊற்றி வைக்கலாகாது. அருகிலே நெருப்பும் சுருட்டும் கூடா. வானொலிப் பாட்டும் கூடாது எனல் மிகையன்று, கவனம் பிரிந்தால் எண்ணிக்கை பிரியும்.

செலவு குறையுமா என்று கேட்பார்கள். கூடு பலமுறை பயன்படுவதால் ஒரு தோட்டாவுக்கான செலவு குறையக்கூடும். ஆனால் கருவிகளின் முதலீடு மீள வேண்டுமானால் ஆயிரக்கணக்கிலே வெடிக்க வேண்டும். இலக்குப் பழகும் விளையாட்டுக்காரனுக்கு அது பொருந்தும். ஆண்டுக்குச் சில தோட்டாக்களை மட்டும் பயன்படுத்துபவனுக்கு ஒருபோதும் பொருந்தாது. இந்தக் கணக்கே கொத்மலைக்கு வழிகாட்டுகிறது.

கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கிலே 1985இல் நீர்த்தேக்கம் நிறைந்தது. பழைய வயல்களும் கோயில்களும் நீரிலே அமிழ்ந்தன. கரைமேலே எஞ்சிய மரக்கறித் தோட்டத்திலும் கிழங்குப் பாத்தியிலும் இரவிலே காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் இறங்குகின்றன. ஓரிரவிலே ஒரு போகத்தின் உழைப்பு சேறாகிவிடும். துவக்கு உரிமம் உள்ள விவசாயிக்குத் தோட்டாவின் விலை சுமையாகவே தோன்றும். ‘வெற்றுக்கூடு கையிலிருக்கிறது, ஏன் நிரப்பலாகாது?’ என்னும் எண்ணம் எழுவது இயல்பு. அவனுக்குரிய விடை தெளிவானது. இலங்கையிலே துவக்கு வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டது. அவ்வுரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். வெடிமருந்தைச் செய்வதும் சேர்த்து வைப்பதும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டிய செயல்கள். துவக்குக்குப் பெற்ற உரிமம் மருந்துக்கும் பெற்ற உரிமமாகாது. இந்தியாவிலும் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கிறது. தன் பயனுக்காக நிரப்பிக்கொள்ள இடந்தரும் பிரித்தானியாவிலும் கட்டுப்பாடு உண்டு. 2006ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின், வெடிமூடி வாங்குவோன் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். கருமருந்துக்கு அங்கே தனிச் சான்றிதழே வேண்டும். புலம்பெயர்ந்து அந்நாடுகளில் வாழும் தமிழர் இக்கலையில் ஈடுபட விரும்பின், தராசு வாங்குவதற்கும் முன்னே அந்நாட்டுச் சட்டத்தை வாங்கிப் படிப்பது நன்று.

சட்டத்தைக் கடந்து மலைநாட்டிலே மறைவாக நிரப்பப்படும் வெடி பெரும்பாலும் எதற்காகிறது? கட்டுத்துவக்குக்காக. ஒரு குழாய், கைமருந்து, இரும்புத் துண்டுகள், பாதையின் குறுக்கே ஒரு கம்பி, அவ்வளவே. பன்றிக்கென்று தாழ வைத்த குழல், விறகு பொறுக்க வந்தவரின் முழங்காலுக்கு நேரே நிற்கிறது. இத்தகைய காயங்கள் பெரும்பாலும் கால்களிலேயே காணப்படுவதை இந்நாட்டு மருத்துவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். குறிவைப்பவன் அங்கே இல்லை; வருவது பன்றியா, சிறுத்தையா, அயல்வீட்டுப் பிள்ளையா என்று பார்ப்பதற்குக் கண்ணும் இல்லை. மருந்தை நிறுத்தவனும் இல்லை. அது வெடிக்கும்போது முதலில் குற்றவாளியாவது அதைக் கட்டியவன். முதலில் அழுவது அவனுடைய ஊர்.

எனவே, கொத்மலை விவசாயிக்கு ஏற்ற கருவிகள் அழுத்துபொறிப் பட்டியலிலே இல்லை. உரிமம் உள்ளவன் ஆலையிலே அடைத்த தோட்டாவை உரிய இடத்திலே வாங்கி, உலர்ந்த பெட்டியிலே பூட்டி, திறப்பைத் தன் இடுப்பிலே வைத்துக்கொள்வதே அவனுக்குச் சிக்கனம். உரிமம் இல்லாதவனுக்கு வலிய வேலியும், அயலவரோடு முறைவைத்த இராக்காவலும் உண்டு. அவை எவருடைய காலையும் கேளா. சட்டம் இடந்தரும் நாட்டிலே இத்தொழிலைத் தொடங்குவோனுக்கோ வரிசை இதுவே: முதலில் உரிமம், அடுத்துத் தராசு, அடுத்து நூல், அதன் பின்னரே பொறி. இவ்வரிசையைத் தலைகீழாக்கி, பொறியை முதலில் வாங்கி, அளவைப் பின்னர்க் கற்கலாம் என்று எண்ணுபவனுக்குக் கற்பதற்குக் கை மிஞ்சியிருக்கும் என்பது உறுதியன்று.